அவள் என்பதும் அவர் என்பதும்: திருநரின் சுட்டுப்பெயர் குறித்த விவாதமும் நமது நிலைப்பாடும்

ஒரு திருநங்கையைப் பற்றித் தமிழில் எழுதப் புகுந்தால் வாக்கியம் முடியும் இடத்தில் ஒரு தேர்வு காத்திருக்கிறது. 'வந்தான்', 'வந்தாள்', 'வந்தார்' ஆகிய மூன்றில் ஒன்றை எழுதியாக வேண்டும். முதல் தகவல் அறிக்கை எழுதும் காவலரும், செய்தி எழுதும் நிருபரும், வகுப்பில் ஒரு மாணவரைப் பற்றிப் பேசும் பேராசிரியரும், கூட்டத்தை வழிநடத்தும் தோழரும் இந்தத் தேர்வை நாள்தோறும் செய்கிறார்கள். பெரும்பாலும் அதைப் பற்றி எண்ணாமலேயே செய்கிறார்கள்.

திருநர் தமக்கு உரியதெனக் கூறும் சுட்டுப்பெயரைப் பிறர் பயன்படுத்த வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மறுப்போர் அனைவரும் ஒரே காரணத்தால் மறுப்பதில்லை. இலக்கணம் இடந்தராது என்பர் சிலர். தம் நம்பிக்கைக்கு மாறாகப் பேசுமாறு எவரும் வற்புறுத்தக் கூடாது என்பர் வேறு சிலர். வன்கொடுமைகள் தொடரும் ஒரு சமூகத்தில் இது மேட்டுக்குடியினரின் விவாதம் என்று நமது இயக்கங்களுக்குள்ளேயே சொல்வாரும் உளர். திருநர் சமூகத்துக்குள்ளும் எந்தச் சொல் வேண்டும் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. இந்த நிலைப்பாடுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமது கருத்தைத் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறோம். தமிழில் ஒரு சுட்டுப்பெயர் இரண்டு செய்திகளை ஒருங்கே அறிவிக்கிறது: ஒருவரின் பால் எது என்பது ஒன்று, அவர் மதிப்புக்கு உரியவரா என்பது மற்றொன்று. ஆங்கிலத்தில் நடக்கும் விவாதம் முதலாவதைப் பற்றி மட்டுமே பேசுகிறது. இரண்டாவதைப் பற்றித் தலித் மக்களுக்கு நெடிய பட்டறிவு உண்டு. அந்தப் பட்டறிவைக் கொண்டு பார்த்தால், சரியான சுட்டுப்பெயருக்கான திருநரின் கோரிக்கை நமது சுயமரியாதைப் போராட்டத்திற்கு அயலானது அன்று என்பது விளங்கும்.

தமிழில் பால் எங்கே இருக்கிறது

'நான் வந்தேன்' என்று ஒருவர் சொன்னால் அவர் ஆணா, பெண்ணா என்பது அந்த வாக்கியத்தில் தெரியாது. 'நீ வந்தாய்', 'நீங்கள் வந்தீர்கள்' என்றாலும் தெரியாது. தன்மைக்கும் முன்னிலைக்கும் தமிழில் பால் வேறுபாடு இல்லை. படர்க்கையில்தான் 'அவன்', 'அவள்' என்ற பிரிவு தோன்றுகிறது. அங்கே அது பெயரோடு நில்லாமல் வினைமுற்றிலும் ஏறிவிடுகிறது. இந்தியில் நிலைமை வேறு. 'நான் போகிறேன்' என்பதையே அங்கே ஆண் ஒரு விதமாகவும் பெண் ஒரு விதமாகவும் சொல்வார்கள். ஆகவே ஒரு திருநங்கை வாய் திறந்து தன்னைப் பற்றிப் பேசும்போதே தன் பாலை அறிவித்துவிட முடியும்.

தமிழில் அந்த வாய்ப்பு இல்லை. ஒருவரின் பாலைத் தீர்மானிக்கும் சொல் எப்போதும் அவரைப் பற்றிப் பேசும் இன்னொருவரின் வாயில் இருக்கிறது. அவர் இல்லாத இடத்தில், அவரைப் பற்றி எழுதப்படும் கோப்பில், அவர் இறந்த மறுநாள் வெளியாகும் செய்தியில் அந்தச் சொல் முடிவாகிறது. நேருக்கு நேர் பேசும்போது விளிச்சொற்கள் அந்த வேலையைச் செய்கின்றன. 'டா', 'டி', 'தம்பி', 'அக்கா', 'சார்', 'மேடம்' என ஒவ்வொன்றும் பாலைச் சுமந்து வருகிறது.

சாதியும் இவ்வாறே இயங்குவதை நாம் அறிவோம். அறுபது வயதுத் தலித் முதியவரை ஆதிக்கச் சாதிச் சிறுவன் 'வாடா, போடா' என்று அழைப்பதும், அந்தச் சிறுவனை முதியவர் பன்மையில் விளிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் கிராமங்களில் நெடுங்காலம் எழுதப்படாத சட்டமாக இருந்தன. இன்றும் அது முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. 'அவர்' என்ற சொல் யாருக்கு, 'அவன்' என்ற சொல் யாருக்கு என்பதை ஊர் முடிவு செய்தது. அழைக்கப்படுபவரின் விருப்பத்திற்கு அங்கே இடமில்லை.

இலக்கணத்தின் பெயரால் எழும் மறுப்பு

ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால் எனத் தமிழில் பால் ஐந்து. உடலால் ஆணாகப் பிறந்தவரைப் பெண்பாலில் சொல்வதும், ஒருவரைப் பலர்பாலில் சொல்வதும் வழு என்பது இவர்களின் வாதம். மொழியின் மீதுள்ள பற்றால் இவ்வாறு சொல்வோரும் உள்ளனர். ஆகவே இலக்கணத்தைக் கொண்டே இதற்கு விடை காண்போம்.

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயர்ச்சொல் பேசப்படுகிறது. அவர்களுக்கெனத் தனி ஈறு இல்லை என்றும், உயர்திணைக்கு உரிய ஈறுகளையே அச்சொல் பெறும் என்றும் அந்நூல் வகுக்கிறது. பிறிதொரு நூற்பாவில், அத்தகைய பெயர் ஆண்பால் முடிபை ஏற்பதற்கு இடமில்லை என்று தெளிவாக விலக்குகிறது. பின்வந்த நன்னூல் இன்னும் ஒரு படி செல்கிறது. பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோரை ஆண்பாலிலும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோரைப் பெண்பாலிலும் அது சேர்க்கிறது. பவணந்தி முனிவர் இங்கே அளவுகோலாகக் கொண்டது அவாவுதலை. இலக்கணத்தைக் காட்டித் திருநங்கையை 'அவன்' என்போர் இந்த நூற்பாக்களைக் கடந்துதான் செல்ல வேண்டும்.

'அவர்' என்ற சொல்லின் வரலாறும் கவனத்திற்கு உரியது. பலரைக் குறித்த அச்சொல் ஒருவரைக் குறிக்க வந்ததையும் தொல்காப்பியமே பதிவு செய்கிறது. ஒருவரைப் பன்மையால் கூறுவது வழக்கில் உயர்த்திச் சொல்லும் சொல் என்றும், அது இலக்கண நெறிப்படி அமைந்தது அன்று என்றும் அந்நூல் கூறுகிறது. மரியாதை தேவைப்பட்ட இடத்தில் இலக்கணம் அன்றே வழிவிட்டிருக்கிறது. அதிகாரம் உள்ளவருக்காக நெகிழ்ந்த இலக்கணம், திருநருக்காக மட்டும் நெகிழாது என்று சொல்வது இலக்கணக் கவலை ஆகாது.

ஆயினும் பழைய நூல்களைக் காட்டி ஒரு பொற்காலத்தைக் கட்டமைக்க நாம் விரும்பவில்லை. அதே நன்னூல் நூற்பா, இருவகையினரையும் அஃறிணைபோலச் சொல்லவும் இடந்தருகிறது. திருநரை 'அது' என்று இழிக்கும் வழக்கத்திற்கு அங்கே ஒரு கதவு திறந்திருக்கிறது. பழைய வழக்கில் இருந்த 'பேடி', 'அலி' போன்ற சொற்கள் இன்று வசைகளாக வழங்குகின்றன. தொன்மையால் மட்டுமே ஒன்று நியாயமாகிவிடாது என்பதைத் தலித் அரசியல் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. இலக்கணம் தடையாக நிற்கவில்லை என்று காட்டும் அளவிற்கே இச்சான்று பயன்படும். உரிமைக்கான அடிப்படை வேறு இடத்தில் இருக்கிறது.

நம்பிக்கையும் பேச்சுரிமையும்

இரண்டாவது மறுப்பு வலுவானது. ஒருவரைப் பெண் என்று நான் நம்பாதபோது 'அவள்' என்று சொல்லுமாறு என்னைக் கட்டாயப்படுத்துவது என் மனச்சான்றைக் கட்டாயப்படுத்துவதாகும் என்பது இதன் சாரம். பிறப்பால் வரும் உடலைக் கொண்டே பெண் ஒடுக்கப்படுகிறாள், எனவே அந்த வரையறையைத் தளர்த்தக் கூடாது என்று கருதும் பெண்ணியர் சிலரும் இதனோடு உடன்படுகின்றனர்.

மேலை நாடுகளின் நீதிமன்றங்கள் இதில் ஒரே திசையில் செல்லவில்லை. அமெரிக்காவில் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் பேராசிரியர், மாணவி ஒருவருக்கு உரிய சுட்டுப்பெயரைப் பயன்படுத்த மறுத்து ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானார். அவர் தொடுத்த வழக்கில் 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் பிரிட்டனின் வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், உயிரியல் பால் மாறாதது என்ற நம்பிக்கை சட்டப் பாதுகாப்புக்கு உரியது என்று கூறியது. ஆனால், அந்த நம்பிக்கை உடையவர் திருநரைத் தம் விருப்பம்போல் பால் பிறழ அழைக்க அது உரிமம் ஆகாது என்பதையும் அத்தீர்ப்பு சேர்த்தே சொன்னது.

நம்பிக்கை வேறு, இன்னொருவரின் மீது அதைச் சுமத்துவது வேறு என்ற இந்த வேறுபாட்டை விளக்க நமக்கு அயல்நாட்டுத் தீர்ப்பு தேவையில்லை. பிறப்பால் உயர்வு தாழ்வு உண்டு என்று உள்ளுக்குள் நம்புவோர் இந்நாட்டில் ஏராளம். அந்த நம்பிக்கையைச் சட்டம் அவர்கள் மனத்திலிருந்து பிடுங்கி எறியவில்லை. ஆனால் ஒரு தலித்தை அவர் சாதிப் பெயரைச் சொல்லிப் பொதுவெளியில் இழிவுபடுத்தினால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி அது குற்றம். பேச்சுரிமை என்பது ஒரு பக்கத்திற்கு மட்டும் உரியதும் அன்று. 2014 ஏப்ரல் 15ஆம் நாள் வழங்கப்பட்ட நால்சா தீர்ப்பில், தன் பாலினத்தைச் சொல்லாலும் செயலாலும் உடையாலும் வெளிப்படுத்துவது அரசமைப்பின் 19ஆவது உறுப்பு காக்கும் கருத்துரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது.

இங்கே ஓர் எல்லையையும் வகுத்துக்கொள்வது நேர்மை. பழக்கத்தால் நாக்கு தவறுவதும் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதும் ஒன்றல்ல. ஆண்டுக்கணக்கில் 'மகனே' என்று அழைத்த தாய் 'மகளே' என்று அழைக்கக் காலம் பிடிக்கும். அவரிடம் சட்டப் பிரிவுகளைப் பேசிப் பயனில்லை. நாம் கண்டிப்பது, திருத்திச் சொன்ன பிறகும், பலர் முன்னிலையில், காயப்படுத்தும் நோக்குடன் சொல்லப்படும் சொல்லை.

இது மேட்டுக்குடி விவாதமா

நமது இயக்கங்களுக்குள் எழும் கேள்விக்கு வருவோம். ஆணவக் கொலைகளும், மலக்குழி மரணங்களும், நிலமின்மையும் நம் முன் இருக்கையில், 'அவள்' என்பதா 'அவர்' என்பதா என்று விவாதிப்பது நகரத்துக் கல்லூரிகளின் சொகுசு என்று மூத்த தோழர்கள் சிலர் கருதுகின்றனர்.

ஆனால் பெயருக்கான போராட்டத்தைச் சிறிதென எண்ணியவர்கள் அல்லர் நம் முன்னோடிகள். இழிவாக வழங்கிய பழைய சாதிப் பெயர்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி 'ஆதி திராவிடர்' என்ற பெயரை ஏற்க வேண்டும் என்று எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். 1922இல் அது அரசாணையாயிற்று. 1938 ஜனவரியில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் 'ஹரிஜன்' என்ற சொல்லைச் சட்டத்தில் புகுத்த முயன்றபோது, அண்ணல் அம்பேத்கரும் அவருடைய கட்சி உறுப்பினர்களும் எதிர்த்து வெளிநடப்புச் செய்தனர். அச்சொல் நல்லெண்ணத்தில் சூட்டப்பட்டது என்ற விளக்கத்தை அவர்கள் ஏற்கவில்லை. தமக்குரிய பெயரைத் தாமே தேர்வோம் என்பதே அவர்களின் நிலை. நிலத்திற்கும் கல்விக்கும் வாக்குரிமைக்கும் போராடிய அதே தலைவர்கள்தாம் பெயருக்காகவும் போராடினர்.

திருநரின் வாழ்வில் சுட்டுப்பெயர் எங்கெல்லாம் குறுக்கிடுகிறது என்பதையும் காண வேண்டும். வாடகைக்கு வீடு கேட்கும்போதும், மருத்துவமனையில் எந்தப் பிரிவில் படுக்கை தருவது என்று முடிவாகும்போதும், கைது செய்து எந்தச் சிறையில் அடைப்பது என்று எழுதப்படும்போதும் அந்த ஒற்றைச் சொல் முடிவைச் சாய்க்கிறது. 'நான் வித்யா' நூலை எழுதிய லிவிங் ஸ்மைல் வித்யா, தலித்தாகவும் திருநங்கையாகவும் இருந்து பேசியவர். திருநர் மீதான வெறுப்பும் பார்ப்பனியத்தின் ஒரு வடிவமே என்பது அவர் முன்வைத்த கருத்து. பிறப்பைக் கொண்டு தொழிலை விதிப்பது சாதி. பாலினத்தைக் கொண்டு இரத்தலையும் பாலியல் தொழிலையும் விதிப்பதும் அதே தர்க்கம்.

அதே நேரத்தில் மூத்த தோழர்களின் ஐயத்தில் ஓர் உண்மை உண்டு. சொல் மட்டும் மாறி நிலைமை மாறாதிருந்தால் அது வெற்று மரியாதைதான். தமிழ்நாடு அரசு 2008இல் திருநங்கையர் நல வாரியத்தை அமைத்தது. மதிப்புமிக்க 'திருநங்கை' என்ற பெயரும் அரசு வழக்கில் நிலைபெற்றது. ஆனால் 2015ஆம் ஆண்டு அரசாணை, திருநரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்துப் பாலின அடையாளத்தை ஒரு சாதிபோல் நடத்தியது. பட்டியல் சாதியைச் சேர்ந்த திருநங்கைக்கு அவருடைய சாதிக்கான இடமே உண்டு; பாலினத்தால் அவர் பட்ட இழப்பிற்கு ஈடு இல்லை. ஒவ்வொரு சமூகப் பிரிவுக்குள்ளும் திருநருக்குத் தனி ஒதுக்கீடு, அதாவது கிடைமட்ட இட ஒதுக்கீடு வேண்டும் என்று கிரேஸ் பானு உள்ளிட்ட தலித் திருநர் செயற்பாட்டாளர்கள் தொடர்ந்து கோரிவருகின்றனர். 2024இல் சென்னை உயர் நீதிமன்றமும் பாலின அடையாளத்தைச் சாதியாகக் கருதும் அணுகுமுறை தவறு என்று கூறியது. மதிப்பான பெயரும் வேண்டும், இட ஒதுக்கீடும் வேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை மறுப்பதற்கு நாம் துணைபோகலாகாது.

'அவள்' என்பதா, 'அவர்' என்பதா

திருநர் சமூகத்துக்குள் நிலவும் வேறுபாடுதான் இவ்விவாதத்தின் நுட்பமான பகுதி. தம்மை 'அவர்' என்று குறிப்பிட வேண்டும் என்பர் பலர். ஆணென்றோ பெண்ணென்றோ தம்மை வகைப்படுத்திக்கொள்ளாதோருக்கு அதுவே பொருந்துகிறது. 'அவர்' ஆணையும் பெண்ணையும் பொதுவாகக் குறிப்பதால், தமிழில் இதற்கெனப் புதுச்சொல் புனைய வேண்டிய தேவையும் எழவில்லை. ஆனால் திருநங்கையர் சிலருக்கு 'அவர்' ஒரு நழுவலாகத் தோன்றுகிறது. பெண் என்று ஒப்புக்கொள்ள மனமில்லாதவர்கள் 'அவர்' என்ற பொதுச்சொல்லுக்குள் ஒளிந்துகொள்கிறார்கள் என்பது அவர்கள் கூறும் குறை. குடும்பத்தார் 'அவள்' என்று முதன்முறை சொல்லும்போது கிடைக்கும் ஏற்பு, 'அவர்' என்ற சொல்லில் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. திருநம்பியர் சிலருக்கு 'அவன்' என்ற சொல்லும் இப்படித்தான்.

இங்கேதான் பாலும் மதிப்பும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. தாய் சொல்லும் 'அவள்' வேறு. கடைத்தெருவில் ஆதிக்கச் சாதி வணிகர் சொல்லும் 'அவள்' வேறு. தம் சாதிப் பெண்ணை 'அந்த அம்மா' என்றும் 'அவங்க' என்றும் சொல்பவர், தலித் பெண்ணை 'அவள்' என்கிறார். ஒரு தலித் திருநங்கையை அவர் 'அவள்' என்று சொல்லும்போது பால் சரியாக இருக்கலாம். அங்கே சாதி தன் வேலையைச் செய்துவிட்டது. அவரையே 'அவர்' என்று எழுதிவிட்டு, உடன் நிற்கும் பிற பெண்களை மட்டும் 'அக்கா', 'அம்மா' என்று அழைத்தால் மதிப்பு கிடைத்திருக்கலாம், பெண்மை மறுக்கப்பட்டுவிட்டது. பால் சரியாக அமைந்தால் போதும் என்று எண்ணுவோர் முதல் இழிவைக் காண்பதில்லை. மரியாதை கொடுத்தால் போதும் என்று எண்ணுவோர் இரண்டாவதைக் காண்பதில்லை. இரண்டையும் ஒருங்கே கேட்க வேண்டியவர்களாகத் தலித் திருநர் இருக்கிறார்கள்.

சட்டம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது

தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை நால்சா தீர்ப்பு ஏற்றது. அறுவை சிகிச்சையை அதற்கு நிபந்தனையாக்கக் கூடாது என்றது. 2019இல் இயற்றப்பட்ட திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் அதிலிருந்து பின்வாங்கியது. மாவட்ட ஆட்சியரிடம் சான்றிதழ் பெற வேண்டும் என்றும், ஆண் அல்லது பெண் என்று திருத்திய சான்றிதழ் பெற அறுவை சிகிச்சை வேண்டும் என்றும் அது விதித்தது. திருநரைச் சொல்லால் துன்புறுத்துவோருக்கு அச்சட்டம் வகுத்த தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை. சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவோருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஐந்து ஆண்டு வரை தண்டனை விதிக்கிறது. இரண்டு இழிவுகளையும் ஒரே உடலில் சுமப்பவருக்கு இந்த ஏற்றத்தாழ்வு கண்கூடு.

தமிழ்நாட்டில் சொற்களைப் பொறுத்து முன்னேற்றங்கள் நிகழ்ந்துள்ளன. 2019இல் மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தில் உள்ள 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்தது. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த சுஷ்மா வழக்கின் தொடர்ச்சியாக, பால், பாலினம் குறித்த மதிப்பான தமிழ்ச் சொற்களின் தொகுப்பைத் தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது. ஊடகங்களும் அதைக் கைக்கொள்ள வேண்டும் என்பது நீதிமன்றத்தின் எதிர்பார்ப்பு. பெயர்ச்சொற்கள் ஓரளவு சீரடைந்துவிட்டன. 'திருநங்கை' என்று தொடங்கி 'வந்தான்' என்று முடியும் வாக்கியங்கள்தாம் இன்னும் எஞ்சியிருக்கின்றன.

நாம் செய்யத்தக்கவை

செயற்பாட்டாளர்களும் மாணவர்களும் இன்றே தொடங்கக்கூடியவை சில உண்டு. ஒருவரின் சுட்டுப்பெயர் தெரியாவிட்டால் 'அவர்' என்று தொடங்கலாம்; எப்படி அழைக்க வேண்டும் என்று தனியே கேட்கலாம். கூட்டத்தில் எல்லோரும் எழுந்து தத்தம் சுட்டுப்பெயரை அறிவிக்க வேண்டும் என்ற விதி சில இடங்களில் பின்பற்றப்படுகிறது. தம் அடையாளத்தை இன்னும் வெளியிடாத மாணவருக்கு அது நெருக்கடி ஆகும் என்பதால் அதைக் கட்டாயமாக்கக் கூடாது. கடந்தகாலத்தைப் பற்றி எழுதும்போதும் இன்றைய பெயரையும் சுட்டுப்பெயரையுமே பயன்படுத்த வேண்டும். வன்கொடுமை குறித்த உண்மையறியும் அறிக்கைகளில், முதல் தகவல் அறிக்கையில் உள்ள பழைய பெயரைச் சட்டத் தேவைக்காகக் குறிக்க நேர்ந்தால் ஒருமுறை குறித்துவிட்டு, எஞ்சிய இடமெங்கும் அவர் வாழ்ந்த பெயரையே எழுத வேண்டும்.

நம் இயக்கங்களில் 'தோழர்' என்ற விளி ஏற்கெனவே உள்ளது. பாலையும் சாதியையும் கேட்காமல் மதிப்பைத் தரும் சொல் அது. ஆனால் மேடையில் 'தோழர்' என்று அழைத்துவிட்டு, அவர் இறங்கிச் சென்றதும் 'அவன்' என்று பேசுவது பல அமைப்புகளில் நிகழ்கிறது. படர்க்கை என்பதே ஒருவர் எதிரில் இல்லாதபோது அவரைப் பற்றிப் பேசும் இடம். அங்கே பயன்படும் சொல்லைக் கொண்டுதான் ஓர் அமைப்பின் உண்மையான நிலைப்பாட்டை அளக்க முடியும். அந்த அளவுகோலை ஊரின் மீதும் அரசின் மீதும் வைத்துக் கேள்வி கேட்டுவரும் நாம், நம் அமைப்புகளின் மீதும் வைத்தாக வேண்டும்.